ஈயம் உருக்குகிற வீட்டுக்கு மஞ்சளா, உள்ளியா, விற்றமின் சி குளிசையா?

வலையின் அடிக்கயிற்றுக்கு ஈயக்குண்டு வேண்டும். கடையில் வாங்கினால் காசு. பழைய பற்றரித் தகட்டை இரும்புச் சட்டியில் உருக்கி வளவிலேயே வார்த்துக்கொண்டால் மிச்சம். அதே வீட்டில் இளையவர் கந்தளாய்ப் பக்கம் வயலுக்கு மருந்தடிக்கப் போவார். மருமகன் போட் எஞ்சினைக் கழற்றிப் பெற்றோலில் கழுவுவார். திருகோணமலைக் கரையோரத்தில் இது புதுமையான குடும்பமே இல்லை. மூன்று பேருக்கும் சேர்த்துப் பாமசியில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “இரத்தம் பழுதாகாமல் இருக்க என்ன குளிசை நல்லது?”

ஒரே குளிசை கிடையாது. ஈயத்துக்கு இரும்புச்சத்தும் கல்சியமும் முதலில், உள்ளி அடுத்து. மருந்தடித்தவருக்கு உதடு நீலம் பாரித்தால் அடுப்படியில் தேடவே வேண்டாம், ஆஸ்பத்திரிதான். பெற்றோலுக்கு எந்தக் குளிசையும் இல்லை. மஞ்சள் கறிக்கு. இந்த வரிசை ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

எலிக்குக் கொடுத்த அளவும் கறிச்சட்டியில் விழும் அளவும்

மசாலாச் சரக்கு இரத்தத்தைக் காக்கும் என்று கைபேசியில் சுற்றும் செய்திகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருப்பது எலிச் சோதனை. முறை ஏறக்குறைய ஒன்றுதான். பீனைல்ஹைட்ரசின், ஈய அசிற்றேற்று, பென்சீன் போன்ற நஞ்சொன்றைக் கொடுத்து எலியின் சிவப்பணுக்களைக் கெடுப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு மட்டும் மஞ்சளிலுள்ள குர்குமினோ, கருஞ்சீரக எண்ணெயோ, விற்றமின் சி அல்லது ஈ-யோ சேர்த்துக் கொடுப்பார்கள். சில வாரம் கழித்து ஹீமோகுளோபின், சிவப்பணு, வெள்ளையணு, குருதிச் சிறுதட்டு எல்லாவற்றையும் எண்ணுவார்கள். காப்புப் பெற்ற கூட்டத்தின் கணக்குப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சோதனையில் பொய் இல்லை. அதை நம் வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில்தான் கால் வழுக்குகிறது.

அளவைப் பாருங்கள். எலியின் ஒரு கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் குர்குமின் என்பது இந்தச் சோதனைகளில் சாதாரணம். எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற 6.2 ஆல் வகுப்பது மருந்தியலில் வழக்கம். அப்படியென்றால் கிலோவுக்கு 32 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 1,900 மில்லிகிராமுக்குச் சற்று மேல். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்கு. ஆக 64 கிராம் மஞ்சள்தூள், அதாவது 20 தேக்கரண்டிக்கு மேல், ஒவ்வொரு நாளும். நாலு பேருக்கு வைக்கும் மீன்குழம்பில் ஒரு தேக்கரண்டி போட்டால் ஒருவர் வயிற்றுக்குள் போகும் குர்குமின் 25 மில்லிகிராமைத் தாண்டாது. அதிலும் பெரும்பகுதி குடலைத் தாண்டாமல் வெளியே போய்விடும்.

அடுத்தது நேரம். எலிக்குக் காப்புப் பொருளை நஞ்சுக்கு முன்னரோ நஞ்சோடு சேர்த்தோ கொடுப்பார்கள். நம் ஆள் பத்து வருடம் ஈயம் உருக்கிவிட்டு, கை உளையத் தொடங்கிய பிறகுதான் மஞ்சளைத் தேடுகிறார்.

இன்னொன்றை அதிகம் பேர் கவனிப்பதில்லை. எலி தனக்கு வேண்டிய விற்றமின் சி-யைத் தன் ஈரலிலேயே செய்துகொள்ளும். மனிதனுக்கு அந்த வசதி கிடையாது. எலியில் விற்றமின் சி காட்டிய பலனை நமக்கு அப்படியே எழுதிவைப்பதில் இதனால் ஒரு இடறல் உண்டு. மனித உடம்பு நாளுக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை கிடைத்தாலே இரத்தத்தை நிரப்பிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும்.

மஞ்சள்: காப்பவனே கள்வனானால்

மஞ்சளோடு மிளகு சேர்த்தால் குர்குமின் உடம்பில் ஏறும் என்பது உண்மை. 1998இல் வெளிவந்த ஒரு சோதனையில் 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது. ஆனால் அதே பைப்பரின் வலிப்புக்குப் போடும் பெனிற்றோயின், இழுப்புக்குப் போடும் தியோபிலின் போன்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் ஏற்றிவிடும். பைப்பரின் கலந்த மஞ்சள் குளிசைகளால் ஈரல் வீங்கியவர்களும் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். கறியிலுள்ள மிளகும் மஞ்சளும் அந்தக் கணக்கில் வராது, போத்தலில் விற்கும் செறிவூட்டிய குளிசைதான் வரும். போதாததற்குக் குர்குமின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் குணமுள்ளது. அதிக அளவில் நீண்டநாள் எடுத்தவருக்கு இரும்புச்சத்துக் குறைந்த கதையும் பதிவாகியிருக்கிறது. ஈயம் ஏறியவருக்கு இரும்பு குறைவது எவ்வளவு கெடுதி என்பது கீழே வரும்.

மஞ்சளில் பெரிய கவலை வேறு. பங்களாதேசில் மஞ்சள் கட்டைக்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேற்றுப் பூசியது 2019இல் ஆய்வாக வெளிவந்தது. பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்காக இரத்தத்தில் ஈயம். ஈயத்துக்கு மருந்தென்று நினைத்து ஈயத்தையே கரண்டியால் அள்ளிக் குடிக்கும் நிலை இப்படித்தான் வரும். இலங்கையில் 2020ஐ ஒட்டி மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறிய நாட்களில் எங்கிருந்து வந்ததென்று தெரியாத தூள் எத்தனை கைகளில் மாறியது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வாங்கும் முறை எளிது. தூளாக வாங்காமல் கட்டையாக வாங்குங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள். வெளித்தோல் உள்ளேயுள்ள நிறத்தைவிடப் பளபளவென்று மஞ்சளாக இருந்தால் விட்டுவிடுங்கள். நல்ல கட்டையின் தோல் மங்கிய மண்ணிறம்தான். கழுவித் தேய்த்து, நன்றாக வெயிலில் காயவிட்டு, மில்லில் உங்கள் கண் முன்னால் அரைப்பியுங்கள். தண்ணீரில் போட்டு நிறம் பார்க்கும் சோதனை வெளிப்படையான சாயத்தைக் காட்டலாம். சிறிய அளவு ஈயத்தை அது காட்டிக்கொடுக்காது.

உள்ளி: மனிதரில் பார்த்த ஒன்று

மசாலாச் சரக்குகளில் ஈயத்துக்கெதிராக மனிதரில் சோதிக்கப்பட்டது என்று துணிந்து சொல்லக்கூடியது உள்ளி. ஈரானில் கார் பற்றரித் தொழிற்சாலைத் தொழிலாளர் 117 பேரில் செய்து 2012இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு உள்ளிக் குளிசை, நாளுக்கு மூன்று தரம், 4 வாரம். மற்றக் குழுவுக்கு ஈயத்தை இழுத்து வெளியேற்றும் மருந்தான டி-பெனிசிலமைன். இரண்டிலும் இரத்த ஈயம் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. உள்ளிக் குழுவில் தலையிடி போன்ற சில உபாதைகளும் தணிந்தன. எதுவும் கொடுக்காத மூன்றாவது குழு அதில் இல்லை என்பதையும் மனதில் வைக்க வேண்டும். இலேசான, நடுத்தரமான ஈயத்துக்குச் செய்த சோதனை அது. இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்ட பிள்ளையை உள்ளியோடு வீட்டில் வைத்திருக்க முடியாது. அந்த அளவில் ஈயத்தை இழுக்கும் மருந்தை டொக்டர்மார் தொடங்குவார்கள்.

குளிசை தேவையில்லை. உள்ளியை நசுக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்வை அலிசின். அந்தச் சோதனையில் கொடுத்த அலிசின் அளவைக் கணக்குப் பார்த்தால் நாளுக்கு ஒரு சிறிய பல்லுப் பச்சை உள்ளியில் கிடைத்துவிடும். செய்யும் விதத்தில்தான் விடயம் இருக்கிறது. பல்லை முழுதாகக் கொதிக்கும் குழம்பில் போட்டால் அலிசின் உண்டாகவே உண்டாகாது. அதை உண்டாக்கும் நொதி சூட்டில் செத்துவிடும். நசுக்கி 10 நிமிடம் வைத்து, சம்பலோடு பச்சையாகவோ, அடுப்பிலிருந்து இறக்கிய பருப்பில் கலந்தோ சாப்பிட வேண்டும்.

“ஒன்று நல்லதென்றால் பத்து இன்னும் நல்லது” என்று போகவும் கூடாது. உள்ளி, வெங்காயம் இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்வைகள் நாய், பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். வீட்டு நாய்க்கு உள்ளிக் குழம்பு ஊற்றக்கூடாதென்பது இதனால்தான். மனிதருக்கு அந்தளவு இல்லை. ஆனாலும் இரத்தம் உறையாமலிருக்க வார்பரின், குளோபிடோகிறெல், அஸ்பிரின் போடுபவர் தினமும் பச்சை உள்ளி தின்றால் இரத்தம் கசிவது நிற்கத் தாமதமாகும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர் ஒரு வாரம் முன்னரே நிறுத்த வேண்டும்.

இரும்பும் கல்சியமும்: கவர்ச்சியில்லாத முதலிடம்

குடலில் இரும்பை உள்ளே எடுக்கும் வாசல் வழியாகத்தான் ஈயமும் நுழைகிறது. உடம்பில் இரும்பு குறைந்தால் அந்த வாசல்கள் கூடும், ஈயம் தாராளமாக உள்ளே வரும். வந்த ஈயம் ஹீமோகுளோபின் கட்டும் நொதிகளைத் தடுக்கும், அதனால் இரத்தம் மேலும் குறையும். கல்சியமும் ஈயத்தோடு போட்டிபோடும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஈய வழிகாட்டி, இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேலுள்ள சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உணவில் கல்சியமும் இரும்பும் போதாவிட்டால் அவற்றைக் கொடுக்கச் சொல்கிறது. மஞ்சளுக்கோ கருஞ்சீரகத்துக்கோ அந்த இடம் இல்லை.

சாப்பாட்டில் இது பெரிய பாடில்லை. முள்ளோடு தின்னும் நெத்தலி, சூடை மீன், குரக்கன் மா, எள்ளு இவை கல்சியத்துக்கு. பருப்பு, கீரை, மீன், இறைச்சி இரும்புக்கு. கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பு ஏற விற்றமின் சி கூட வேண்டும். இங்கேதான் விற்றமின் சி-யின் உண்மையான வேலை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு பாதித் தேசிக்காயின் புளியில் அஞ்சாறு மில்லிகிராம்தான், கொய்யாவின் பக்கத்தில் அது நிற்காது. சோறு தின்றதும் தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் இவ்வளவையும் கெடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள். இரும்புக் குளிசையையும் கல்சியக் குளிசையையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பணு சிறுத்திருக்கிறது என்று எப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும் சோதனை) அறிக்கையில் கண்டவுடன் இரும்புக் குளிசையை வாங்கிவிடாதீர்கள். தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாட்டைக் காவுபவர்களுக்கும் சிவப்பணு சிறுத்தே இருக்கும், அவர்களில் பலருக்கு இரும்பு தேவையில்லை. இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் பிளட் பிக்சரில் சிவப்பணுவுக்குள் நீலப் புள்ளிகள் தெரிவது ஈயத்திலும் வரும், தலசீமியாவிலும் வரும். உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிற்றின் சோதனையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விற்றமின் சி குளிசை: எங்கே உதவும், எங்கே கொல்லும்

1999இல் வெளிவந்த ஒரு சோதனையில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கொடுத்தபோது இரத்த ஈயம் ஒரு வாரத்திலேயே வெகுவாகக் குறைந்தது. 200 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மாற்றமில்லை. ஆனால் அவர்கள் ஈயத்தில் வேலை செய்பவர்கள் அல்ல. பட்டறைத் தொழிலாளிக்கு அதை அப்படியே வாக்களிக்க முடியாது.

வயல் மருந்துதான் தனியாகப் பார்க்க வேண்டியது. ஒருகாலத்தில் நெல்வயல்களில் பரவலாக அடித்து, பின்னர் கட்டுப்படுத்தப்பட்ட புரோப்பனில் களைகொல்லி உடம்பில் உடைந்து ஹீமோகுளோபினை மெதெமோகுளோபினாக மாற்றும். அது ஒட்சிசனைச் சுமக்காது. நைத்திரேற்று மிகுந்த கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கும் இதே நிலை வரலாம். தண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கொதிக்கவைத்தால் அது குறையாது, நீர் வற்றக் கூடத்தான் செய்யும்.

அடையாளம் இது: உதடும் நகமும் சாம்பல்நீலம். ஒட்சிசன் வைத்தும் நிறம் மாறாது. விரலில் மாட்டும் கருவி 85 அளவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு துளி இரத்தத்தை வெள்ளைக் கடதாசியில் விட்டால் சொக்லற் நிறம், காற்றுப்பட்டும் சிவக்காது. சாதாரண மூச்சுத்திணறல்காரரின் கறுத்த இரத்தம் காற்றில் சிவந்துவிடும். இதற்கு மருந்து மெதிலீன் புளூ, கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், நாளத்தில் 5 நிமிடத்தில். விற்றமின் சி-யும் மெதெமோகுளோபினைத் திருப்பும், ஆனால் ஆமை வேகத்தில். மெதிலீன் புளூ இல்லாதபோதும், கொடுக்கக்கூடாதபோதும் டொக்டர்மார் ஊசியாகத் தொடுவது அது. வீட்டில் சப்பும் ஆரஞ்சுக் குளிசையால் நேரம்தான் போகும். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்து, மருந்துப் போத்தலையும் லேபலோடு கொண்டுபோங்கள்.

மெதிலீன் புளூ கொடுக்கக்கூடாதவர் யார்? சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைபாடுள்ளவர். மலேரியா நெடுங்காலம் இருந்த இடங்களில் இந்தக் குறைபாடு கூடுதல். இலங்கை மலேரியா அற்ற நாடென்று 2016இல் சான்று பெற்றது, ஆனால் பரம்பரையில் வந்தது சான்றிதழோடு போய்விடாது. ஆண்களில் இது அதிகம் வெளிப்படும். இவர்களுக்கு மெதிலீன் புளூ சிவப்பணுவை உடைக்கும். கிராம் கணக்கில் நாளத்தில் ஏற்றும் விற்றமின் சி-யும் உடைக்கும். அலமாரியில் போடும் நப்தலின் உருண்டைகூட உடைக்கும். தேத்தண்ணி நிறத்தில் சிறுநீர், கண் மஞ்சள், திடீர்க் களைப்பு என்று வந்த பிள்ளைக்கு ஜி6பிடி சோதனை வேண்டும். சிவப்பணு உடைந்த உடனேயே சோதித்தால் புதிய இளம் சிவப்பணுக்களில் நொதி கூடுதலாக இருப்பதால் நல்லதென்று பொய்யாக வரும். மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பாருங்கள்.

சிறுநீரகம் கெட்டவருக்கு அதிக விற்றமின் சி ஒக்சலேற்றாக மாறிக் கல்லாகும், சிறுநீரகத்தை அடைக்கும். பதவி சிறிபுர போன்ற, சிறுநீரக நோய் பதிந்த இடங்களில் 1,000 மில்லிகிராம் குளிசையை மிட்டாய்போல் கொடுப்பது ஆபத்து. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கும் 2,000 மில்லிகிராம்தான் நாளின் உச்சவரம்பு.

விற்றமின் ஈ பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிவப்பணுவின் தோல் கொழுப்பைக் காப்பது அதன் வேலை. குறைமாதக் குழந்தைகளில் அது குறைந்தால் சிவப்பணு உடையும். வளர்ந்தவருக்கு நாளுக்கு 15 மில்லிகிராம் போதும். குளிசையாக அதிகம் போட்டால் வார்பரினோடு சேர்ந்து இரத்தம் கசியும்.

கிண்ணியா, மூதூர் வீடுகளில் கருஞ்சீரகத்துக்குத் தனி மதிப்பு. எலிச் சோதனைகளும் நிறைய. சமையல் அளவில் தடையில்லை, நஞ்சுக்கு மருந்தென்று மட்டும் நம்பக்கூடாது. கறுவா போடுபவர்கள் நம் கறுவாவையே போடுங்கள். தடித்த பட்டையாக வரும் கசியாவில் ஈரலைத் தாக்கும் குமரின் பலமடங்கு அதிகம்.

எலிமருந்து தின்றவருக்குக் கணக்கே தலைகீழ். புரோடிபகூம் போன்ற எலிமருந்து இரத்தம் உறைவதைக் கெடுக்கும். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. அதனால் “தப்பிவிட்டார்” என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார்கள். உறைவுச் சோதனையை 48 மணித்தியாலத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். இங்கே விற்றமின் கே1 உண்மையான முறிமருந்து, வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில். அதே ஆளுக்கு உள்ளி, இஞ்சி, கராம்பு, மஞ்சள் கஷாயம் கொடுப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

பெற்றோலிலுள்ள பென்சீன் எலும்பு மச்சையைத் தாக்கும், இரத்தப் புற்றுநோயையும் வரவழைக்கும். அதற்கெதிராக எந்த மசாலாவும் விற்றமினும் மனிதரில் நிலைநாட்டப்படவில்லை. எஞ்சின் பாகத்தைப் பெற்றோலில் கழுவுவதையும், குழாயை வாயில் வைத்து இழுப்பதையும் விடுவதுதான் வழி. மண்ணெண்ணெயிலோ சவர்க்காரத் தண்ணீரிலோ கழுவலாம்.

சட்டியும் சோதனையும்

ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். அதற்குமேல் சூடேற ஏற ஆவி கூடும். ஆனால் வளவுக்காரருக்குப் பெரிய ஆபத்து மேலே படியும் சாம்பல்தூள். பற்றரித் தகடுதான் மிக மோசம், அதன் பசை முழுக்க ஈயத்தூள். பழைய குண்டுகளையோ சுத்தமான ஈயக்கட்டியையோ உருக்குவது எவ்வளவோ மேல். காற்று முதுகுப்பக்கம் வர நில்லுங்கள். துணி முகமூடி பயனற்றது. கசடை அள்ளி மூடியுள்ள தகரத்தில் போடுங்கள், உலர் விளக்குமாறால் கூட்டாமல் நனைத்துத் துடையுங்கள். அச்சிலோ ஈயத்திலோ ஈரம் இருந்தால் ஆவி வெடித்து உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். வெறுவயிற்றில் ஈயம் பலமடங்கு ஏறும், ஆகவே சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். வெற்றிலை, பீடி எல்லாம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகுதான். உருக்கும்போது போட்டிருந்த சேர்ட்டைப் பிள்ளைகளின் உடுப்போடு ஊறப்போட வேண்டாம். வளர்ந்தவரின் குடல் ஈயத்தில் பத்திலொரு பங்கை எடுத்தால் தவழும் பிள்ளை பாதியளவு எடுக்கும்.

எப்.பி.சி. நன்றாக இருப்பதால் ஈயம் இல்லை என்றாகாது, இரத்தம் குறைவது கடைசியில்தான் தெரியும். நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தில் ஈயம் பார்க்கும்படி டொக்டரிடம் கடிதம் கேளுங்கள். உருக்குபவருக்கும் வீட்டின் கடைக்குட்டிக்கும் ஒரேநாளில் எடுப்பது நல்லது. இரத்தத்தில் ஈயம் பாதியாகக் குறைய ஒரு மாதமளவு ஆகும். எலும்பில் உள்ளதோ பல ஆண்டுகளுக்கு அசையாது. அதனால் உள்ளி தின்ற மறுவாரம் திரும்பப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டு மூன்று மாதம் விட்டுப் பாருங்கள்.

உருக்கும் சட்டியை எறியும் நாளில் அடியில் ஆணியால் இரண்டு துளை போட்டு எறியுங்கள். முழுதாக எறிந்தால் யாராவது எடுத்துக் கழுவி அப்பம் சுட்டுவிடுவார்கள்.